வேலுக்குப் பன்னிரண்டு வோல்ட்

மச்சான்,

உன் பெட்டியை என் வீட்டு வரவேற்பறையில் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பழைய செய்தித்தாளை விரித்து, பெட்டியை அதன்மேல் வைத்து, மூலைக்கு ஒன்றாக இருந்த திருகாணிகளைக் கழற்றி மூடியைத் தூக்கியதும் அந்த வாடை வந்தது. பாதி வார்னிஷ், பாதி புளித்த தேங்காய்த் தண்ணீர். வார்னிஷ் நீ ஊற்றியது. கம்பி சுற்றி முடித்ததும் முழுச் சுருளையும் அதில் முக்கியெடுத்து உன் கடையின் பின்புறம் காய வைப்பாய். தேங்காய்த் தண்ணீரை யாரும் ஊற்றவில்லை, அது தானாகவே உள்ளே போனது. தைப்பூசத்துக்கு ரதம் வருகிற பாதையில் வைத்த எந்தச் சாமானுக்குள்ளும் அது போகாமல் இருப்பதில்லை.

மின்சாரத்துக்கும் எனக்கும் உள்ள உறவு உனக்குத் தெரியும். பல்பு மாற்றக்கூட ஆள் கூப்பிடுகிறவன் என்று என் கல்யாணத்திலேயே மைக்கைப் பிடித்துச் சொல்லி என் மானத்தை வாங்கியவன் நீ. கப்பல் சரக்குக் காகிதங்களோடு மாரடிக்கிற குமாஸ்தாவின் கையில் இன்று ஸ்க்ரூடிரைவரைப் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். சிரிக்க நீ இல்லை. அதில் எனக்கு இன்னும் கோபம்தான். போனவர்கள்மேல் கோபப்படக் கூடாது என்கிறார்கள். நான் படுகிறேன், நீ என்ன செய்துவிடுவாய்?

வீட்டுக் கரண்டை வேண்டிய வோல்ட்டுக்குக் குறைத்துக் கொடுக்கிற இந்தப் பெட்டியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஃபெர்ரியில் தெரிந்துகொண்டதுதான். பாகான் டாலாமிலிருந்து உன் மோட்டார் சைக்கிளில் இரண்டு பேரும் ஜெட்டிக்கு வருவோம். அக்கரைத் தீவில் இறங்கியதும் நான் அலுவலகத்துக்கு, நீ மோட்டாருக்குக் கம்பி சுற்றும் உன் கடைக்கு. கடலைக் கடக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் நான் பேப்பர் படிக்க ஆசைப்படுவேன். நீ விடமாட்டாய். ஒரு நாள் என் பேப்பரின் ஓரத்திலேயே பேனாவை வைத்து ஒரு சுருளை வரைந்தாய். விளையாட்டுப் பக்கம் முழுக்க மை ஆகிவிட்டது.

"ஒரே கம்பிதான் மச்சான். இந்த முனையில ஏறுது, அந்த முனையில முடியுது. முழுசாப் போனா இருநூத்தி நாப்பது. நடுவுல எங்க வேணுமோ அங்க கம்பிய வெளிய இழுத்து ஒரு ஸ்க்ரூல கட்டிட்டேன்னா, அந்த இடத்துல எறங்கிக்கலாம். பஸ்ஸு மாதிரிலா. பஸ்ஸு ஒண்ணுதான், ஸ்டாப்புதான் வேற வேற."

சுற்றுகள் கூடக் கூட வோல்ட் கூடும். தொடக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு முனையை இழுத்துவிட்டால் பன்னிரண்டு, அதைப்போல இன்னொரு பங்கு தள்ளிப்போனால் இருபத்து நாலு, இன்னும் வெகுதூரம் சுற்றியபிறகு நூறு, அதைத் தாண்டி நூற்றிருபது. இப்படி நடுவில் இழுத்துவிடுகிற முனையைக் கடையில் டேப்பிங் என்பார்களாம். நீ கடைசிவரை ஸ்டாப் என்றுதான் சொன்னாய். நூறு ஸ்டாப், நூற்றிருபது ஸ்டாப். உன் மகள் தர்ஷினியும் பயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்துகொண்டு இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறாளாம். அங்கே யாருக்கும் புரிவதில்லை என்று அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

ஏன் ஒரே கம்பி என்று ஒருமுறை கேட்டேன். வீட்டுக் கரண்டுக்கு ஒரு சுருள், நாம் கை வைக்கும் பக்கத்துக்குத் தனியாக இன்னொரு சுருள் என்று பிரித்துச் சுற்றுவதும் உண்டு, அதுதான் கைக்குப் பத்திரம் என்று நீயே சொன்னாய். ஆனால் அப்படிச் செய்தால் செம்பு அதிகம், பெட்டி கனம். உன் பெட்டியை நீ ஒற்றைக் கையில் தூக்கிப்போக வேண்டும். ஆகவே ஒரே சுருள். சுவரிலிருந்து வருகிற கம்பியும் பன்னிரண்டு வோல்ட் ஸ்டாப்பும் ஒரே செம்புதான். அந்தத் திருகாணிகளைப் பயமில்லாமல் தொட வேண்டுமென்றால் சுவரில் பிளக்கைப் பிடுங்க வேண்டும், பிடுங்கினால் எல்லா ஸ்டாப்பும் சேர்ந்து செத்துவிடும். ஒன்றை எரியவிட்டு இன்னொன்றில் கை வைக்கிற வழி அதில் கிடையாது. இதையும் நீதான் சொன்னாய். தெரியாமல் செத்தவன் இல்லை நீ.

தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகிற சாலையில் நம் தண்ணீர்ப் பந்தலுக்காகத்தான் இதைச் சுற்றினாய். பந்தலை ஆரம்பித்தவர்கள் துறைமுகத்தில் வேலை செய்த நம் அப்பாக்கள். நம் காலத்தில் அது பெரிதாகி, வளைவு, பாட்டு, அறிவிப்பு என்று ஆனது. ரதமும் காவடிகளும் போகும்போது மோரும் பானகமும் கொடுக்கிற இடத்துக்கு எதற்கு இத்தனை என்று என் அலுவலகச் சீன நண்பர் கேட்டார். அவரே வருஷாவருஷம் குடும்பத்தோடு வந்து மூட்டை மூட்டையாகத் தேங்காய் உடைக்கிறவர். அதற்கு எதற்கு அத்தனை என்று நான் திருப்பிக் கேட்கவில்லை.

நடுவில் நின்ற வேலுக்குப் பின்னால் ஒரு பல்பு, அதற்குப் பன்னிரண்டு. வளைவைச் சுற்றிப் பழைய லாரி விளக்குகள், அவற்றுக்கு இருபத்து நாலு. யாரோ கப்பல்காரர் ஜப்பானிலிருந்து கொண்டுவந்து உன் தலையில் கட்டிய ஆம்ப்ளிஃபயர், அதற்கு நூறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டி வாங்கி வைத்தால் போயிற்று. உனக்கு அது கௌரவக் குறைச்சல். நூற்றிருபது ஸ்டாப் எதற்கென்றால், ரதம் நெருங்குகிற நேரத்தில் அந்தச் சாலையிலுள்ள எல்லாப் பந்தலும் ஒரே லைனிலிருந்து கரண்டை உறிஞ்சும். சுவரிலேயே வோல்ட் இறங்கிவிடும். நூறு ஸ்டாப்பில் எண்பதுதான் வரும், பாட்டு ஈனஸ்வரத்தில் முனகும். அப்போது ஆம்ப்ளிஃபயர் வயரைக் கழற்றி நூற்றிருபதில் மாட்டுவாய். சாலை சரியானதும் மறுபடி நூறுக்குக் கொண்டுவருவாய்.

வேலுக்குப் பின்னால் எரிகிற அந்த விளக்கின் பெருமை வெறும் விளையாட்டில் ஆரம்பித்தது என்று இப்போது பந்தலில் இருக்கிற யாருக்கும் தெரியாது. உனக்கும் எனக்கும்தான் தெரியும், அதிலும் ஒருவன் இல்லை. ஆரம்பத்தில் வேலுக்கு முன்னால் இருந்தது எண்ணெய் விளக்கு. லாரி போனால் அணையும், தேங்காய் தெறித்தால் அணையும். தேவி தீப்பெட்டியும் கையுமாகவே நிற்பாள். என் தங்கையை நீ முதன்முதலில் பார்த்ததே அந்த விளக்கை அவள் பத்தாவது தடவையோ என்னவோ ஏற்றிக்கொண்டிருந்தபோதுதான். அதற்கு முன்பே என்னை மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய், அதன்பிறகு அதை உண்மையாக்கிக்கொண்டாய். விளக்கு அணைந்தது என்று யாரும் முகம் சுளித்ததில்லை. அணையும், ஏற்றுவோம்.

பல்பு போட்ட முதல் வருஷம், கல்யாணமான புதிது. பெண்டாட்டி முன்னால் பெருமை பேச வேண்டும் உனக்கு. என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கி, "ரதம் கோயில விட்டு எறங்குனதுலேருந்து திரும்பப் போயி சேர்ற வரைக்கும் நம்ம பந்தல்ல வேலோட வெளக்கு அணையாது" என்று அறிவித்தாய். சாலை முழுக்கக் கேட்டது. நான் சிரித்தேன், நீயும் சிரித்தாய். கூட்டத்தில் யாரோ அரோகரா போட்டார்கள்.

அடுத்த வருஷம் ஒரு பெண், அணையா விளக்குப் பந்தல் இதுதானா என்று விசாரித்துக்கொண்டு வந்தாள். கையில் குழந்தை. இந்த விளக்கைப் பார்த்து வேண்டிக்கொண்டதில் பிறந்ததாம். அதற்கடுத்த வருஷம் வேலின் கம்பத்தில் மஞ்சள் கயிறுகள் ஏறின. பிறகு பந்தல் தலைவர் மேடையில் பேசும்போது, நம் முன்னோர் காலத்திலிருந்து அணையாத விளக்கு என்றே சொல்லிவிட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. விரதத்திலும் மீன்கறி வாசனை வந்த பக்கம் தலையைத் திருப்புகிறவன் நீ. உன் வாயிலிருந்து விளையாட்டாக வந்த ஒரு வார்த்தை உனக்கே சட்டமாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் பிளக்கைப் பிடுங்காமல் ஸ்டாப் மாற்ற ஆரம்பித்தாய். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வலது கையை மட்டும் பெட்டிக்குள் விடுவாய். இரண்டு கையும் பட்டால் கரண்டு நெஞ்சு வழியாகப் போகும், ஒரு கை என்றால் பரவாயில்லை என்பது உன் கணக்கு. பார்க்கிறவர்களுக்கு ஏதோ பூசாரி தீபம் காட்டுகிற மாதிரி இருக்கும். ஈரத்துக்கு ட்ரிப் சுவிட்ச் அடிக்கடி விழுந்து விளக்கை அணைத்தது. கரண்டு எங்காவது கசிந்தால் தானாக விழுந்து ஆளைக் காப்பாற்றுவதற்கென்றே வைத்த சுவிட்ச் அது. அதையும் சுற்றிக்கொண்டு நேராக லைன் இழுத்தாய். ஃபெர்ரியில் அதை நல்ல செய்தி மாதிரி என்னிடம் சொன்னாய். "இனிமே விழாது மச்சான்."

அந்த நாளைப் பற்றி நிறைய எழுத எனக்கு மனமில்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷத்துத் தைப்பூசம், ரதம் வருகிற பகல். எங்களுக்கு எதிரே தேங்காய்க் குவியல்கள் உடைபட ஆரம்பித்திருந்தன. சாலையில் தண்ணீர் ஓடியது. பந்தலுக்குள் செருப்புப் போடக்கூடாது, எல்லாரும் வெறுங்காலில் அந்தத் தண்ணீரில்தான் நின்றோம். நான் பந்தலின் மறுகோடியில் மைக்கில், தொலைந்துபோன ஒரு குழந்தையின் சட்டை நிறத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் குரலே எனக்குத் தேய்ந்து கேட்டது. வோல்ட் இறங்குகிறது, நீ மாற்றிவிடுவாய் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது பெட்டிக்கு முன்னால் கூட்டம் குனிந்திருந்தது.

நீ இடது கையை முதுகில்தான் கட்டியிருந்தாய். விழுந்த பிறகும் அது அப்படியே உன் முதுகுக்கடியில் இருந்தது. உன் கணக்கில் கால் வரவில்லை, மச்சான். கையிலிருந்து வெறுங்காலுக்கு, காலிலிருந்து தேங்காய்த் தண்ணீருக்கு. ட்ரிப் சுவிட்ச் இருந்திருந்தால் அந்தக் கணமே விழுந்திருக்கும். நீ சொன்னபடியே அது விழவில்லை. யாரோ மரக்கட்டையால் உன் கையைத் தட்டிவிட்டார்கள், யாரோ நெஞ்சை அழுத்தினார்கள், அப்போதெல்லாம் வேலுக்குப் பின்னால் விளக்கு ஒரு துடிப்புக்கூட இல்லாமல் எரிந்துகொண்டிருந்தது.

மருத்துவமனைப் பிணவறையில் உன்னை அடையாளம் காட்ட நான்தான் போனேன். துணியை முகத்திலிருந்து விலக்கினார்கள். மறுமுனையில் துணி ஏறி உன் பாதங்கள் தெரிந்தன. தேங்காய்த் தண்ணீரின் இனிப்புக்கு எறும்பு வந்திருந்தது. நான் கைக்குட்டையால் துடைத்தேன். அங்கிருந்த மலாய்க்கார ஊழியர் பிளாஸ்டிக் பேசின் ஒன்றில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு தேவி உன் காலைக் கழுவினாள். ஏற்கெனவே கழுவியாயிற்று என்று நான் அவளிடம் சொல்லவில்லை.

பிறகு ஆரம்பித்தார்கள். முருகனே கூப்பிட்டுக்கொண்டான் என்றார்கள். தைப்பூசத்தில் சாவதற்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார்கள். பந்தல் தலைவர் துக்கம் கேட்க வந்தவர், உயிரைக் கொடுத்து விளக்கைக் காப்பாற்றினார் உன் வீட்டுக்காரர் என்று தேவியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நல்ல மனிதர், அவர் அழுகை பொய்யில்லை. ஆனாலும் நான் எழுந்து வெளியே போய் உன் மோட்டார் சைக்கிளின் பக்கத்தில் நின்றேன். திரும்பி வந்தபோது தேவியின் முகத்தில் ஏதோ ஒன்று பிடித்து நின்றிருந்தது. தலைவர் சொன்ன அந்த வார்த்தையை அவள் பிடித்துக்கொண்டுவிட்டாள். அதில்லாமல் அந்த வாரத்தை அவள் தாண்டியிருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆகவே மைக்கில் நீ சொன்னது வெறும் விளையாட்டுத் தம்பட்டம்தான் என்பதை வாயைத் திறந்து சொல்லவே இல்லை.

விசாரணைக்காகக் கொண்டுபோன பெட்டியை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டித் திருப்பிக் கொடுத்தார்கள். துக்கம் இருந்ததால் போன வருஷம் பந்தலே போடவில்லை. இந்த வருஷம் தலைவர் வந்து கேட்டார். தேவி உடனே சரி என்றாள். விளக்கு, உன் பெட்டியிலிருந்துதான் எரிய வேண்டும் என்றாள். தர்ஷினி அதைப் பிரித்துத் துடைத்து, கரிந்துபோன திருகாணியை மாற்றி, உன் கையெழுத்து அழிந்த இடங்களில் புதிதாக எண்களை எழுதி ஒட்டினாள்.

நான் சும்மா இருக்கவில்லை மச்சான். வேலுக்கு ஒரு பேட்டரி வையுங்கள், பன்னிரண்டு வோல்ட்தானே, கார் பேட்டரி போதும் என்றேன். "அவரு கையால சுத்துன கம்பிலேருந்துதாண்ணே எரியணும்" என்று தேவி முடித்துவிட்டாள். ட்ரிப் சுவிட்சையாவது திரும்பப் போடு என்று தர்ஷினியைக் கேட்டேன். விழுந்தால் விளக்குப் போய்விடும் மாமா என்றாள். தொழிற்சாலையில் பாதுகாப்புக்குச் சான்றிதழ் வாங்கிச் சுவரில் மாட்டியிருக்கிற பெண். ரப்பர் கையுறை போட்டுக்கொள்கிறேன் என்று எனக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்தாள். அவள் போனபிறகு தேவி என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். "அவ பக்கத்துலயே இருங்கண்ணே. வேற ஒண்ணும் கேக்கல ஒங்கள" என்றாள். விளக்கும் எரிய வேண்டும், மகளும் திரும்பி வர வேண்டும். இரண்டும் அந்த ஒரே பெட்டியில் இருந்தன.

ஆக, இந்த முறை மைக்கை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, வேலுக்குப் பின்னால் பிளக் இருக்கிற இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். வயதாகிவிட்டது, கால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். காலையிலிருந்து ஒரு டம்ளர் மோரோடு அங்கேயே. மஞ்சள் கயிறு கட்ட வந்த பெண்களில் சிலர் உன் படத்துக்கும் பூ வைத்தார்கள். ஆமாம், கம்பத்தின் அடியில் உன் படத்தை வைத்திருந்தார்கள். உன் பாஸ்போர்ட் போட்டோவைப் பெரிதாக்கியது, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டிருந்தாய்.

ரதத்தின் நாதஸ்வரம் தூரத்தில் கேட்டதும் எதிரே தேங்காய் உடைய ஆரம்பித்தது. வழக்கம்போலச் சாலையில் தண்ணீர் ஓடி எங்கள் பக்கமும் வந்தது. என் பாதத்தில் பிசுபிசுத்தது. கொஞ்ச நேரத்தில் லாரி விளக்குகள் மங்கின, பாட்டு முனகியது. தலைவர் தர்ஷினியைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவள் கையுறையோடு பெட்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டாள். கையுறை தடிமன், திருகாணி சின்னது, இரண்டு தடவை வழுக்கியது. அவள் அதைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, வலது கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். பிறகு இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டினாள்.

யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. உன்னைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, தானாக வந்துவிட்டது. வெறுங்கால், தேங்காய்த் தண்ணீர், முதுகுக்குப் பின்னால் அந்தக் கை.  நான் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். கை தானாகப் போய்ப் பிளக்கைப் பிடுங்கியது.

பாட்டு நின்றது. வளைவு அணைந்தது. வேலுக்குப் பின்னால் இருந்த விளக்கும் அணைந்தது. நல்ல பகல் வெளிச்சம்தான், ஆனால் பந்தலுக்குள் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. வரிசையில் நின்ற ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். தலைவர் என்னைப் பார்த்து, "என்ன தம்பி செஞ்சிட்டே" என்றார், அதட்டவில்லை, நம்ப முடியாமல் கேட்டார். தர்ஷினி பெட்டிக்கு முன்னாலேயே திரும்பி என்னை அண்ணாந்து பார்த்தாள். 

"அப்பா அணைக்கலயே மாமா."

"அதனாலதாம்மா ஒங்கப்பா இல்ல" என்றேன். "இப்ப மாத்து."

கொடூரமான பேச்சுதான். அந்த நேரத்தில் என்னிடம் வேறு பேச்சு இல்லை. அவள் அழுதுகொண்டே இரண்டு கையையும் விட்டு நூறு ஸ்டாப்பிலிருந்த வயரைக் கழற்றி நூற்றிருபதில் மாட்டி முறுக்கினாள். இரண்டு கையாலும் செய்தாள் மச்சான், ஒரு பாத்திரத்தைக் கழுவுகிற மாதிரி. அவள் எழுந்து தள்ளி நின்றபிறகு பிளக்கைச் சொருகினேன். பாட்டு கணீரென்று வந்தது. வளைவு எரிந்தது. வேலுக்குப் பின்னால் விளக்கும், விட்ட இடத்திலிருந்து தொடர்கிற மாதிரி, எரிந்தது. வானம் இடிந்து விழவில்லை. கயிறு கட்ட வந்த பெண்களில் இரண்டு பேர் கலைந்து போனார்கள். மற்றவர்கள் ஒரு நிமிஷம் தயங்கிவிட்டு வரிசையில் நகர்ந்தார்கள். மோர் கேட்டு ஒரு காவடிக்காரரின் தம்பி வந்தார், யாரோ ஊற்றிக் கொடுத்தார்கள்.

தேவி கம்பத்தின் பக்கத்தில் உன் படத்துக்கு அருகே நின்றிருந்தாள். அவள் என்மேல் பாய்வாள் என்றுதான் நினைத்தேன், பாய்ந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் விளக்கைப் பார்த்தாள். பிளக்கைப் பார்த்தாள். மெதுவாக நடந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"அவ்வளவுதானாண்ணே?"

அதற்குள் ரதம் வந்துவிட்டது. மிச்சமிருந்த தேங்காயெல்லாம் ஒரே நேரத்தில் உடைந்தன, அரோகரா சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை. தர்ஷினி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். தேவி கும்பிட்டாள், தட்டை நீட்டினாள், திருநீறு வாங்கிப் பூசிக்கொண்டாள். எல்லாம் கை பழக்கத்தில் செய்தாள். உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினார் என்ற அந்தப் பிடிமானம் அவள் முகத்தில் இல்லை. பிளக்கைப் பிடுங்கி அதை அங்கிருந்து எடுத்தவன் நான். மகளைத் திருப்பிக் கொடுத்தேன், அவள் புருஷனின் சாவுக்கு இருந்த ஒரே அர்த்தத்தை எடுத்துக்கொண்டேன். மறுபடி அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் பிடுங்கத்தான் செய்வேன். அதற்காக இது லேசாகிவிடுமா?

ரதம் திரும்பிப் போனபிறகு பெட்டியை நான் கேட்டேன். தேவி மறுக்கவில்லை, பெட்டியைப் பார்க்கவும் இல்லை. தர்ஷினிதான் காரில் ஏற்றிக் கொடுத்தாள். அடுத்த வருஷம் தனித்தனிச் சுருளாக வேறு சுற்றுகிறேன் மாமா, ட்ரிப் சுவிட்சும் வைக்கிறேன் என்றாள். எண்ணெய் விளக்கே வைத்துவிடலாமா என்றும் கேட்டாள். அணைந்தால் என்ன செய்வது என்று தலைவர் கேட்பாரே என்றேன். ஏத்துவோம் என்றாள். அந்தப் பழைய கதை அவளுக்குத் தெரியாது. காரைக் கிளப்பிவிட்டேன்.

பெட்டியைத் துடைத்து முடித்துவிட்டேன். ஈரத்துணி போட்டும் அந்த வாடை போகவில்லை. நூறு ஸ்டாப்பின் பக்கத்தில், தகட்டில் உன் விரல் பட்ட இடத்தில் ஒரு கறுப்பு இருக்கிறது. தர்ஷினி திருகாணியை மாற்றினாள், இதை எடுக்க முடியவில்லை போலிருக்கிறது. நானும் தேய்த்துப் பார்த்தேன். அப்படியே விட்டுவிட்டு மூடியைப் போட்டுவிட்டேன்.

இப்போதெல்லாம் வீட்டில் எதன் பிளக்கைப் பிடுங்கினாலும், தண்ணீர் காய்ச்சும் கெண்டியோ இஸ்திரிப் பெட்டியோ, தேவியின் குரல் காதில் விழுகிறது. அன்றிலிருந்து அவள் என்னிடம் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று கேட்கிறாள், அந்தக் கேள்வியை மட்டும் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் பதிலுக்குக் காத்திருக்கிறாள். என் வாயிலிருந்து அது ஒரு நாளும் வராது. அவளிடம் சொல்ல முடியாததை இங்கே வைத்துவிட்டுப் போகிறேன், நீயாவது கேட்டுக்கொள்.

ஆமாம் மச்சான். அவ்வளவுதான்.